வடம் பதிந்த கை

என் உள்ளங்கையில் ஆயுள் ரேகை இருக்கிறதா என்பது இன்றுவரை தீர்மானிக்கப்படவில்லை. கைரேகை பார்க்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் கல்லூரித் தோழி ஒருத்தி, முதலாண்டில் என் வலக்கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஏட்டி, இது கையா, உழுது போட்ட வயலா? ஒண்ணும் தட்டுப்படலியே" என்று சொல்லிவிட்டு, அடுத்து இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து இருந்தவளுக்கு வெளிநாட்டு யோகம் வாய்த்தது. எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. ஆனாலும் அவளுடைய உவமை சரியானது என்பதை ஒப்புக்கொண்டேன்.

என் ஒவ்வொரு விரலின் உட்புறத்திலும் தடித்த பட்டை ஒன்று நீளவாக்கில் இறங்கி உள்ளங்கையை அடைகிறது. அதன் நிறம் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவில் இருக்கும். பாதத்தில் கோடுகள் கிடையாது; குதிகாலிலும் முன்பாதத்திலும் திட்டுத் திட்டாகத் தடிப்புதான். அம்மாவுக்கும் இப்படித்தான். அம்மாவின் தங்கையான என் சித்திக்கும் இப்படித்தான். தச்சநல்லூரில் எங்கள் தெரு ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவி வந்த பிறகு, அம்மாவின் விரலை அது ஒருமுறைகூட ஏற்றுக்கொண்டதில்லை. கடைக்காரர் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "அம்மா, இனிமே சாரையே அனுப்புங்க. உங்க விரல வச்சா மிஷினு பயப்படுது" என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவின் கட்டைவிரலே எங்கள் வீட்டின் பொதுவிரல். அப்பா அதை ஒரு பதவியாகவே பாவித்து, மாதத்தின் முதல் வாரத்தில் வெளியூர் போவதைத் தவிர்த்துவருகிறார்.

அம்மாவின் பிறந்த ஊர் ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில். ஒரு காலத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். பிறகு ஆசிரியர்களும் எழுத்தர்களுமாக மாறியது. வயல் இருந்த காலத்திலும் அந்த வீட்டில் யாரும் மண்வெட்டியைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு விறகு வெட்டியவர் கை அமைந்துவிட்டால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் குடும்பம் வைத்திருந்த விளக்கம் இது: எப்போதோ ஒரு பங்குனித் தேரோட்டத்தில் ஊர்த் தேர் தெருமுனையில் நிலைகுத்தி நின்றுவிட்டது. எல்லோரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். எங்கள் மூதாதை ஒருவர் மட்டும் விடவில்லை. தேர் மறுபடி நகரும்வரை அவர் பிடித்த பிடியில் வடம் கையில் பதிந்தது. பதிந்த தடம் பிள்ளைகளின் கைக்கு இறங்கியது.

இலக்கிய மாணவி என்ற முறையில் இக்கதையின் பாட வேறுபாடுகளைக் கவனித்து வந்திருக்கிறேன். அம்மா சொல்லும்போது தேர் வடக்குத் தெரு முனையில் நிற்கும். சித்தி சொல்லும்போது மேலத் தெருவில். இவர்களுடைய தம்பியான என் மாமா சொல்லும்போது தேர் நிற்பதே இல்லை. மூதாதைதான் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து, பயத்தில் வடத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

மாமா அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. கூடப் பிறந்த மூவரில் அவருக்கு மட்டும் வடம் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளியில் சேரும் வயது வந்த பிள்ளையைத் தேர் அன்று காலையில் ஊர் வீட்டுக் கூடத்தில் நிறுத்திக் கையை விரிக்கச் சொல்வார்கள். பட்டை தெரிந்தால் உள்ளங்கையில் திருநீறு பூசி, 'வடக்காரி' என்றோ 'வடக்காரன்' என்றோ ஒரு முறை உரக்கச் சொல்வார்கள். தெரியாவிட்டால் கையில் ஒரு லட்டைக் கொடுத்து நகர்த்திவிடுவார்கள். மாமாவுக்குக் கிடைத்தது லட்டு. அன்றிலிருந்து அவர் 'வழுக்குக் கை'. அம்பாசமுத்திரத்தில் வங்கி அதிகாரியாகி, தலையில் வழுக்கையும் விழுந்த பிறகுங்கூட, தேர் அன்று அக்காமார் இருவரும் கையில் திருநீறு பூசிக்கொள்ளும்போது, "எனக்கு லட்டு எங்க?" என்று கேட்டு நிற்பார்.

சித்தியின் கதை இந்த வேடிக்கைக்குள் அடங்காதது. அவர் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் நின்று பாடம் நடத்துபவர். சில ஆண்டுகளாக அவருடைய குதிகால் தடிப்பு வெடித்து, வெடிப்புக்குள் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. வெறுங்காலோடு தார்ச்சாலையில் நான்கு தெரு சுற்றி வடம் இழுப்பது முடியாமற் போயிற்று. ஒரு பங்குனியில் மாடியிலிருந்து தேரைப் பார்த்தார். அடுத்த பங்குனியிலும் மாடியில்தான் நின்றார். ஆனால் தேர் ஊர் வீட்டைத் தாண்டும் சமயத்தில், தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். நான் பின்னால் போனேன். அவர் தண்ணீர் குடிக்கவில்லை. சமையலறையில் சுவரைப் பார்த்து நின்று, வெளியே கேட்ட கூச்சலுக்கு ஏற்ப ஒரு கையை மட்டும் மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு அப்பாவும் நானும் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தோம். சித்தி அசையவில்லை. "மருந்து போட்டா தோல் கரையும். தோல் கரைஞ்சா வடமும் போயிரும். பெறவு நான் ஆரு?" என்பது அவர் கேள்வி. அம்மாவும் அவர் பக்கம். ஒருநாள் பள்ளியில் காலை இறைவணக்கம் முடியும்வரைகூட நிற்க இயலாமல் சித்தி நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லாரும் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நாளைக்கு டாக்டர்ட்ட போறேன். நீ கூட வா."

"அம்மாவையும் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். அவ வந்தா அவதான் பேசுவா. நீன்னா வாயத் தொறக்க மாட்ட."

மருத்துவர் இளம்வயதுப் பெண். சித்தியின் பாதத்தை மடியில் வைக்காத குறையாகப் பார்த்தார். பிறகு சித்தியின் கையை விரித்துப் பார்த்தார். பதிவுச் சீட்டை நீட்டிய என் கையைக் கண்டதும், சீட்டை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கும் இருக்கா? வேற யாருக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டபோது அவர் குரலில் ஏறக்குறைய மகிழ்ச்சி இருந்தது. என் கையைப் பார்த்து ஒருவர் மகிழ்ந்தது அதுவே முதல் தடவை. எங்கள் இருவரிடமும் இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். காலை வெந்நீரில் ஊறவைத்துப் பூசும்படி சித்திக்கு ஒரு களிம்பும் கொடுத்தார். சித்தி அதை வாங்கிக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். களிம்பைப் பூசலாமா கூடாதா என்று அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, கூடாது என்று இருவரும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பொதுவாக இத்தகைய பேச்சில் நான் நுழைவதில்லை. ஆனால் அன்று நெடுநாளாக மனத்தில் கிடந்த ஓர் ஐயம் வெளியே வந்துவிட்டது.

"தேரை யாரும் காலால இழுக்கலயே, சித்தி."

மாமா கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கையில இருக்கது வடம். சரி. உள்ளங்கால்ல இருக்கது என்ன?" என்றேன்.

மாமா தொடையில் தட்டினார். "அப்படிக் கேளு பிள்ள! இத்தனை தலைமுறையா ஒருத்தனுக்கு இது தோணலியே. நானே கேட்டிருக்கணும், லட்டுல மயங்கிட்டேன்."

"ஏலே, நீ சும்மா இரு" என்றார் அம்மா. அவர் கண்களில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "காலை ஊனாம எப்படில தேர இழுக்க? கையில வடத்தோட இறுக்கம். கால்ல பூமியோட இறுக்கம். ரெண்டும் ஒரே நாள்ல பதிஞ்சது."

கதை தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டது. ஒரு வாய்மொழி மரபு உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் வகுப்பறையில் கண்டதில்லை. ஆனால் களிம்பு குளிர்சாதனப் பெட்டியின் தலையிலேயே இருந்தது. தேருக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது மருத்துவர் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். அம்மா, சித்தி, மாமா, நான் ஆகிய நால்வரும் போனோம். அறையில் நாற்காலி போதாமல் மாமா எடைபார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார்.

மருத்துவர் சொன்னதை இயன்றவரை அப்படியே எழுதுகிறேன். தோலின் செல்கள் ஒன்றையொன்று தாமாகப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு செல்லின் மேற்புறத்திலிருந்தும் ஒரு புரதம் கைபோல வெளியே நீண்டு, பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் கையைக் கோத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தின் பெயர் டெஸ்மோகிளீன் ஒன்று. அதைச் செய்வதற்கான குறிப்பு பதினெட்டாம் குரோமோசோமில் ஒரு மரபணுவாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு படிகள் உண்டு. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. எங்களுக்கு ஒரு படி பழுது. ஆகவே அந்தப் புரதக் கைகள் பாதியளவே உண்டாகின்றன. உடம்பின் மற்ற இடங்களுக்கு அந்தப் பாதியே போதும். அழுத்தமும் உராய்வும் அதிகமுள்ள உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் போதாது. அங்கே தோல் அடுக்குக்குமேல் அடுக்காகத் தடித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது.

சித்தி வகுப்பில் நல்ல மாணவியைக் கவனிக்கும் ஆசிரியையின் முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சரியாச் சொல்லுதேனா பாருங்க" என்றார். "வடம் பிடிக்க நூறு பேரு வரணும். அம்பது பேருதான் வந்திருக்காங்க. லேசா இருக்கும்போது அம்பது பேரு போதும். பாரம் ஏறின இடத்துல போதாது. அதனால தெருவுல போறவன் வாறவனையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, அங்கன கூட்டம் சேந்துபோச்சு. அந்தக் கூட்டம்தான் இந்தத் தடிப்பு."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். "இதை நான் மற்ற நோயாளிகளுக்கும் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாச் சொல்லுங்க."

மாமா எடை இயந்திரத்தின் பக்கத்திலிருந்து, "டாக்டர், அப்ப எனக்கு?" என்றார்.

"உங்களுக்கு இல்லைன்னு கையைப் பாத்தாலே தெரியுது. ரெண்டு படியும் நல்லா இருக்கும். இது காசு சுண்டற மாதிரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"கேட்டியளா ரெண்டு பேரும்? நூறு பேரும் வந்து நிக்கது என் கையிலதான். நீங்கதான் ஆள் பத்தாம ஓட்டுதிய. என்னைப் போய் வழுக்குக் கைன்னீங்களே!"

அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்ததாக மருத்துவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கெட்ட செய்தி சொல்பவர்களுக்கென்று ஒரு முகம் இருக்கிறது, அதை அணிந்துகொண்டார். "ஒண்ணு மட்டும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இதுக்கு நிரந்தரமான குணம் கிடையாது. களிம்பு போட்டாத் தோல் இளகும், வெடிப்பு ஆறும், நல்லா நடக்கலாம். ஆனா அந்த இடத்துல மறுபடி அழுத்தம் பட்டாத் தடிப்பு திரும்ப வந்துடும். மன்னிக்கணும்."

சித்தி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "திரும்ப வருமா?"

"வரும்."

"கையில கோடு கோடாவா? இதே மாதிரி?"

"ஆமா. எங்க அழுத்தம் விழுதோ அங்கயேதான்."

"கட்டாயம் வருமா?"

"கட்டாயம் வரும்" என்று மருத்துவர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்.

சித்தியின் முகம் மலர்ந்ததை என்னால் வேறு சொல்லில் எழுத முடியவில்லை. "அக்கா, கேட்டியா? எங்கயும் போகாதாம். போனாலும் திரும்பி வந்துருமாம்!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பூசியிருப்பேனே டாக்டர்!"

குணமாகாது என்ற செய்தியை இவ்வளவு கொண்டாட்டத்தோடு ஏற்றுக்கொண்ட ஒருவரை மருத்துவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்க முயலவில்லை. விளக்குவதென்றால் தேரில் தொடங்கியாக வேண்டும், வெளியே பலர் காத்திருந்தார்கள்.

பேருந்தில் திரும்பும்போது நான் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். எங்களுக்கு இறங்கிவந்தது தடம் அன்று. தடம் பதியக்கூடிய தோல் மட்டுமே. தடத்தை ஒவ்வொருவரும் தம் கையால் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறோம். எதையும் ஒருமுறையேனும் இறுகப் பிடிக்காதவருக்கு அது வராது. கூடத்தில் கதை சொன்னவர்கள் மரபணுவை அறியார். ஆனால் பிடித்த கையில்தான் வடம் பதியும் என்பதை அறிந்திருந்தார்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அதத்தான நாங்களும் சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றிருப்பார்.

சித்தி அன்று மாலையே களிம்பை எடுத்துவிட்டார். காலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டே விடைத்தாள் திருத்தினார். காலுக்கு மட்டும் பூசினார், கைக்குப் பூசவில்லை. திரும்ப வரும் என்று மருத்துவர் உறுதியளித்திருந்தாலும், தேர் நெருங்கும் நேரத்தில் கையை வைத்துச் சோதனை செய்ய அவர் தயாராக இல்லை. வெடிப்புகள் மெல்ல மூடின. ஆனால் புதுத்தோல் மென்மையாக இருந்தது. வெறுங்காலோடு சூட்டில் நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செருப்புப் போட்டுக்கொண்டு வடத்தைத் தொடுவதில்லை. நடப்பதா, மறுபடியும் மாடியா என்ற கேள்வி தேர் அன்று காலைவரை தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் ஊர் வீட்டுக் கூடத்தில் சித்தி பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பிச்சிப்பூ வைத்து, காலில் வெள்ளைப் பருத்திச் சாக்ஸ் அணிந்து வந்து நின்றார்.

அம்மா திருநீற்றுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "என்னட்டி இது?"

"சாக்ஸு."

"அது தெரியுது. என்னத்துக்கு?"

"செருப்பு தோலு. இது பஞ்சு. திரியும் பஞ்சுதான், சாமிக்கு ஆகாதா?"

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ரெண்டு வருசமா மாடியில நின்னேன், அப்ப ஒருத்தரும் அழலியே."

அம்மா தங்கையின் விரித்த கையில் திருநீற்றைப் பூசினார். வழக்கத்தைவிட அழுத்திப் பூசியதாக எனக்குப் பட்டது. பிறகு மூவரும் வெளியேறினோம். மாமா பின்னால், "லட்டு" என்றார்.

பெண்கள் பிடிக்கும் வடத்தில் சித்திக்கு முன்னால் அம்மாவும், பின்னால் நானும் இடம் பிடித்தோம். தென்னை நார் வடம் என் மணிக்கட்டைவிடப் பல மடங்கு பருமன். அதைப் பிடித்ததும் விரல்களின் பட்டைகள் அதன் முறுக்கில் போய் அமர்ந்துகொண்டன. பழைய பூட்டில் அதன் சாவி போல. இரு பக்கத்து வீட்டுக்காரர்களும் குடம் குடமாகத் தெருவில் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் தெரு முடிவதற்குள் சித்தியின் சாக்ஸ் நனைந்து, சேறாகி, ஒவ்வொரு அடிக்கும் 'சளக் சளக்' என்று சத்தமிட்டது. ஊர் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு ஆச்சி ஒருவர் மட்டும், "டீச்சருக்கு மட்டும் பூமி குளுருதோ?" என்று கேட்டார். சித்தி, "உங்களுக்கும் ஒரு சோடி தரட்டுமா ஆச்சி?" என்றதும் சுற்றிலும் எழுந்த சிரிப்பில் வடம் ஒரு கணம் தளர்ந்தது.

மேலத் தெரு முனையில் தேர் நின்றது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு எடுக்கும்வரை வடத்தைத் தரையில் வைக்கலாம், எல்லோரும் வைத்தார்கள். சித்தி வைக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் சொல்லும் பாடத்தில் தேர் நிற்பது மேலத் தெருவில்தான். நானும் கீழே வைக்கவில்லை.

பிற்பகலில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. சித்தி நான்கு தெருவையும் முழுதாகச் சுற்றியிருந்தார். கோயில் மதிலோரம் நிழலில் உட்கார்ந்து, சேறு அப்பிய சாக்ஸை உரித்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். இரத்தம் இல்லை. ஊறி வெளுத்த, சுருங்கிய, சாதாரணமான ஒரு கால். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அப்போது மாமா ஆண்கள் பக்கத்திலிருந்து கைகளை விரித்துப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் எழும்பி, ஒன்று உடைந்தும் இருந்தது.

"நூறு பேரும் வந்தாங்களே, என்ன ஆச்சு?" என்றார் சித்தி.

"வந்தானுவ. சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டானுவ" என்று மாமா கையை ஊதிக்கொண்டார்.

அம்மா எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். அவர் பாதத்தின் வெளி விளிம்பில் மட்டும் எடையை வைத்து நிற்பவர். நெடுங்காலமாகவே அப்படித்தான் நடப்பார். அது அவருடைய நடை என்றே நான் எண்ணியிருந்தேன். அன்று அவர் நின்ற இடத்தில், ஈரக் கல்லின்மேல், குதிகாலுக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. சித்தியும் அதைப் பார்த்துவிட்டார். சாக்ஸைப் பிழிந்து மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவது போலத் தேரைப் பார்த்தபடி சொன்னார்:

"அக்கா, பாளையங்கோட்டைக்குப் போனதும் ஒனக்கும் ரெண்டு சோடி வாங்கிருதேன். களிம்பும் சேத்து."

அம்மா தேரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பூச்சரங்கள் காற்றில் ஆடின. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கைக்குப் பக்கத்தில் பைய உட்கார்ந்தார்.

"வெள்ளை வேண்டாம்" என்றார். "அழுக்கு தெரியும்."